பேர் வெளியே போன பிறகு அப்பீல் எதற்கு?

வணக்கம் மக்களே, ஹட்டனிலிருந்து பேசுகிறேன். ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டிருந்தார்: "அண்ணா, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொரையை (தோட்ட முகாமையாளரை) பற்றி வேறு பேரில் கொமென்ட் போட்டேன். கோர்ட்டுக்குப் போய் என் உண்மைப் பேரை வாங்கிவிடுவார்களா?"

வாங்கப் பார்க்கலாம் தம்பி. அவதூறு இங்கே இலங்கையில் 2002க்குப் பிறகு குற்றவியல் குற்றம் இல்லை. ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். அதோடு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் (இன்டர்நெட்டில் போடுவதைப் பற்றிய சட்டம்) இருக்கிறது. பேரைக் கொடு என்று ஒரு கோர்ட் சொன்னாலும் மேன்முறையீடு, அதாவது அப்பீல், என்று ஒன்று உண்டு. சிக்கல் நேரத்தில்தான். பேர் ஒரு தடவை கைமாறிவிட்டால், மேலே ஜெயித்து என்ன பிரயோசனம்? தொரைக்கு ஆளைத் தெரிந்துவிட்டதே! அதனால் மேன்முறையீட்டோடு சேர்த்து, பேரைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் இடைக்காலத் தடையும் உடனே கேட்க வேண்டும். அப்பீல் போட்டால் உத்தரவு தானாக நின்றுவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அமெரிக்காவில் டெலவெயார் மாநிலத்து வழக்கு ஒன்று இதற்குப் பேர்போனது. ஸ்மர்னா என்று ஒரு சின்ன ஊர். அங்கே நகரசபை உறுப்பினர் கேஹிலைப் பற்றி, அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்கிற மாதிரி 2004இல் யாரோ புனைபெயரில் எழுதிவிட்டார். கேஹில் வழக்குப் போட்டு, இன்டர்நெட் கொடுத்த கொம்காஸ்ட் கம்பெனியிடம் பேரைக் கேட்டார். அந்த நாட்டுச் சட்டப்படி கேபிள் கம்பெனி முதலில் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தல் வந்ததால்தான் எழுதியவரால் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. கீழ்க்கோர்ட்டில் தோற்றார். 2005 ஒக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அவதூறு நடந்ததற்கான ஆதாரத்தை முதலில் காட்டு, அப்புறம் பேரைக் கேள் என்றது. இது எழுதியவரின் சொந்த அபிப்பிராயம் என்றுதான் வாசிக்கிறவர்கள் எடுப்பார்கள் என்று சொல்லி வழக்கையே தள்ளியும் விட்டது.

அது அமெரிக்கத் தீர்ப்பு, நம் கோர்ட்டைக் கட்டாது. என்னை யோசிக்க வைத்தது அந்த அறிவித்தல்தான். நம் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எத்தனை வீட்டுக்குத் தனி விலாசம் இருக்கிறது? நிறையத் தோட்டங்களில் கடிதம் முதலில் தோட்ட ஒப்பீசுக்குத்தான் போகிறது. தொரையைப் பற்றி எழுதியவருக்கு வரும் நோட்டீஸ் தொரை மேசையில் கிடக்கும்! கோர்ட் பேரைச் சொல்ல முன்னமே கடித உறை சொல்லிவிடும். சிம் அண்ணன் பேரில் இருந்தால் அண்ணன் மாட்டுவார்.

இன்னொன்று, தம்பி. நிறுவையில் கொழுந்தைக் குறைக்கிறார்கள் என்று எழுதினால் நிறுவைத் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். ஆதாரமில்லாமல் ஒருவரைத் திருடன் என்று எழுதினால் அப்பீலும் கைகொடுக்காது. நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே சட்டத்தரணியைப் பாருங்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

சரி, உங்கள் தோட்டத்தில் கடிதம் யார் கையில் வருகிறது? கீழே எழுதுங்கள்.