செம்பருத்தியும் ஒரு மஞ்சள் லைக்கனும்

நேயர்களுக்கு வணக்கம். செம்பருத்தியைத் தெரியாதவர் குறைவு. இன்று அதனுடன் ஒப்பிடப்போவது சாந்தோரியா பாரியெட்டினா என்னும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஓர் உயிர். மரப்பட்டையிலும் பாறையிலும் பழைய சுவரிலும் மஞ்சளாக, மடல் மடலாக அப்பிக்கொண்டிருக்கும். பூ, விதை, உயரம் என்று வேறுபாடுகளை அடுக்கலாம்தான். என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்.

செம்பருத்தி வேரால் நீரை உறிஞ்சித் தண்டுவழியே ஏற்றுகிறது. இலைமேல் மெழுகுப்பூச்சு உண்டு. இலைத்துளைகளைத் திறந்து மூடி, உள்ள நீரைச் சிக்கனமாகச் செலவிடும். அதையும் மீறி வற்றினால் வாடும், ஓரளவுக்கு மேல் போனால் பிழைக்காது.

லைக்கனுக்கு வேர், நீர்க்குழாய், மெழுகு எதுவும் கிடையாது. பூஞ்சை இழைகளுக்குள் ட்ரெபாக்சியா என்ற பச்சைப்பாசி குடியிருக்கும் கூட்டுடல் அது. மழையில் ஊறும், வெயிலில் காயும். காய்ந்ததும் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஏறக்குறைய நின்றுபோகும், ஆனால் சாகாது. காய்ந்த மடல்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். மேல்தோல் நனைந்து ஒளி ஊடுருவியதும் அடியிலுள்ள பாசியின் பச்சை மேலே தெரியும். இதற்கு நிழலில் வளர்ந்த மடலே நல்லது. வெயிலில் வளர்ந்ததில் பாரியெட்டின் என்ற ஆரஞ்சு நிறமி அடர்ந்து பச்சையை மறைத்துவிடும். அந்த நிறமியே அடையாளத்துக்கும் உதவும்: 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊசிமுனையால் தொட்டு வைத்தால் அந்த இடம் கருஞ்சிவப்பாக மாறும். கரைசல் தோலில், கண்ணில் படக்கூடாது.

மாதிரி எடுப்பவர்கள் பலர் அதை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பார்கள். செடிக்குச் சரிப்படும் அந்த யோசனை லைக்கனைக் கெடுத்துவிடும். இருட்டில் நனைந்தே கிடந்தால் சுவாசம் நடந்து சேமிப்பு கரையும், ஒளிச்சேர்க்கை நடக்காது. பிறகு பூசணம் பிடிக்கும். காகித உறையில் போட்டுக் காயவிடுங்கள்.

செம்பருத்தியை 10 முதல் 15 சென்டிமீட்டர் தண்டுத்துண்டு நட்டே பெருக்கலாம். இந்த லைக்கனோ, மேலே தெரியும் ஆரஞ்சுக் கிண்ணங்களிலிருந்து பூஞ்சை வித்துக்களைத் தூவுகிறது. வித்து விழுந்த இடத்தில் பொருத்தமான பாசி கிடைத்தால்தான் புது லைக்கன். கிடைத்தாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்ச்சி.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். லைக்கன் இருந்தால் காற்று சுத்தம் என்பார்கள். இந்த இனத்துக்கு அது பொருந்தாது. கால்நடைப் பண்ணைகளிலிருந்து வரும் அம்மோனியா இதற்கு ஒத்துப்போகும். மற்ற பல லைக்கன்கள் மறைந்த மரத்திலும் இது செழித்துப் படர்ந்திருக்கும்.