எடை குறைந்த காற்று

நேயர்களுக்கு வணக்கம். 1987 அக்டோபர் 15, பிபிசியின் மதிய வானிலை அறிக்கை. ஹரிக்கேன் வருவதாகக் கேள்விப்பட்டேன் என்று ஒரு பெண் ஃபோன் செய்தாராம், கவலை வேண்டாம், அப்படி எதுவும் வரவில்லை என்கிறார் வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ். அன்றிரவு விடிவதற்குள் தெற்கு இங்கிலாந்தில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்துவிட்டன, 18 பேர் இறந்துபோனார்கள்.

அந்த மனிதரை இன்றுவரை கேலி செய்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. காற்று பலமாக இருக்கும் என்றும் அவர் சேர்த்தேதான் சொன்னார், ஆனால் பெரும்பாலும் ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம் என்றார், தவறியது அந்த இடம்தான். ஹரிக்கேன் இல்லை என்றது நூற்றுக்கு நூறு சரி. ஹரிக்கேனுக்கு, நம் வங்கக் கடல் புயலைப் போலவே, கடலின் வெதுவெதுப்புதான் தீனி. இது வேறு ரகம். தெற்கேயிருந்து வரும் சூடான ஈரக்காற்றும் வடக்கின் குளிர்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பிறப்பது, அந்த வித்தியாசத்தைத் தின்றே வளர்வது. அன்றிரவு ஹாம்ப்ஷயரின் சவுத் ஃபார்ன்பரோவில் 20 நிமிடத்தில் வெப்பம் சுமார் 9 டிகிரி ஏறியது. அக்டோபர் மாத ராத்திரியில்!

இப்படிப்பட்ட புயல் வலுக்கும்போது அதன் நடுவில் காற்றழுத்தம் சரியும். சரி, அழுத்தம் ஏன் சரிகிறது? அழுத்தம் என்பது நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடை, அவ்வளவுதான். விமானம் பறக்கும் உயரத்தில் ஓடும் ஜெட் காற்று மேலேயிருந்து காற்றை வாரிக்கொண்டு போகிறது, கீழே நாலா பக்கத்திலிருந்தும் காற்று வந்து நிரப்பப் பார்க்கிறது. வரவைவிடச் செலவு கூடினால் கையிருப்பு கரையும் இல்லையா, அதேதான். ஈரம் மழையாகும்போது விடும் சூடு இதை இன்னும் முடுக்கிவிடும். 1980-இல் வானிலை ஆய்வாளர்கள் ஃப்ரெட் சாண்டர்ஸும் ஜான் கியாக்கமும் அழுத்தம் மளமளவென்று சரியும் புயலை 'பாம்', அதாவது வெடிகுண்டு, என்றே எழுதினார்கள். அந்தப் பெயர் கிடைக்க, 60 டிகிரி அட்சரேகையில் 24 மணி நேரத்தில் அழுத்தம் 24 மில்லிபார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்க வேண்டும், அதாவது மணிக்கு ஒன்று. திரும்பவும் சொல்கிறேன், எவ்வளவு இறங்கியது என்பதல்ல கணக்கு, எவ்வளவு வேகமாக என்பதுதான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள், புயலின் வாலைப் பற்றி ஒரு வரியாவது சொல்லிவிடுகிறேன். அன்று மிக மோசமாக அடித்தது ஸ்டிங் ஜெட், தேள் கொடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், என்று 2004-இல் வானிலை ஆய்வாளர் கீத் பிரவுனிங் எழுதினார். மேகத்தின் நுனியில் மழையும் பனியும் உலர்காற்றில் ஆவியாக, மண்பானைத் தண்ணீர் போலக் காற்று குளிர்ந்து, கனத்து, சரிந்து தரையில் பாய்கிறது. குறுகலான பட்டை, சில மணி நேரம்தான். மிச்சத்துக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.