தங்க ஓலையில் இல்லாத பெயர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்து அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடலோரச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைப் பெரிதும் காப்பவை கட்டடங்களும் ஆவணங்களுமா, குடும்பங்கள் சொல்லிவரும் கதைகளா என்பது தலைப்பு. குடும்பக் கதைகளே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் தரங்கம்பாடியை எடுத்துக்காட்டினார். 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தார், டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது, நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய தங்க ஓலை இன்றும் பத்திரமாக இருக்கிறது, இதைவிடப் பெரிய சான்று உண்டா என்று கேட்டார்.

பத்திரமாகத்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறது? கோபன்ஹேகனில்! தரங்கம்பாடி மீனவர் தெருவில் பிறந்த பிள்ளை தன் ஊர்க் கதையைத் தெரிந்துகொள்ள டென்மார்க்குக்குப் போக வேண்டும், அங்குள்ள கணக்கேடுகளின் பழைய டேனிஷ் கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். அப்படியே படித்தாலும் அதில் அவனுடைய பாட்டன் இருப்பானா? அந்த ஊரில் கப்பல் வந்து ஒட்டி நிற்கிற துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும். கரையலையைக் கடந்து போய்ச் சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் உள்ளூர்ப் படகோட்டிகள். அவர்கள் கை இல்லாமல் ஒரு மூட்டை மிளகு டென்மார்க் போயிருக்காது. கணக்கேட்டில் மிளகுக்கு இடம் இருந்தது. சுமந்தவனைப் பற்றி எத்தனை வரி எழுதினார்கள்?

1845 இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். விலை ஆவணத்தில் இருக்கிறது. விற்கப்பட்ட ஊரில் குடியிருந்தவர்கள் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எந்தப் பத்திரம் சொல்லும்?

கல் நிற்கும், சொல் காற்றோடு போகும் என்றார் எதிரணி நண்பர். ஐயா, அதே தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோயிலைப் போய்ப் பாருங்கள். 1306 இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடலோரத்தில் கல்லுக்கும் ஆயுள் உண்டு.

ஆவணங்களை நான் மதிக்கிறேன். ஆனால் நல்ல ஆவணம் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, ஒரு முதிய உள்ளூர் ஆசிரியரிடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். பிறகு, 1712 முதல் 1714 வரை, அவரும் அவருடைய தோழர்களும் இங்கிருந்த தமிழர்களிடம் கேள்வி கேட்டுக் கடிதங்களாகப் பதில் வாங்கினார்கள். உங்கள் வழிபாடு என்ன, திருமணம் எப்படி, எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அந்தப் பதில்கள் ஜெர்மனியில் ஹாலே நகரில் மொழிபெயர்ப்பாக அச்சேறின. முந்நூறு ஆண்டுக்கு முந்திய தரங்கம்பாடித் தமிழர் எப்படி யோசித்தார் என்று நாம் இன்று அறிவது அந்தக் கடிதங்களால்தான். கோட்டைச் சுவர் அதைச் சொல்லவில்லை. ஒருவர் கேட்டார், மற்றவர் சொன்னார். எதிரணி கொண்டாடும் காகிதத்துக்குள்ளேயே எங்கள் அணி உட்கார்ந்திருக்கிறது!

இப்போது என் நெஞ்சை அழுத்துகிற ஒன்றுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் கடற்கரையில் அந்தக் காலைப் பொழுது என்ன செய்தது என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காலையில் இந்தோனேசியாவில் சிமெலுவே என்று ஒரு தீவு. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. எச்சரிக்கைக் கருவி இல்லை, சைரன் இல்லை. தீவில் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர்.

காரணம் ஒரு கதை. 1907 இல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, தரை பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தாலாட்டாகப் பாடினார்கள். பாட்டி சொல்ல, தாய் சொல்ல, அது தொண்ணூற்றேழு ஆண்டு உயிரோடு இருந்தது. அன்றைக்கு யாரோ ஒருவர் "ஸ்மோங்" என்று கத்தினார், ஊரே குன்றேறியது. நம் கரையில் அப்படி ஒரு கதை இல்லை நடுவர் அவர்களே. கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு. கோட்டை அன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தது. அது யாரையும் ஓடச் சொல்லவில்லை!

சரி, இன்று நம்மிடம் கதை இருக்கிறதே, சொல்கிறோமா? சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள் வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, யார் யாரை எந்த மாடிக்குத் தூக்கிப் போட்டார்கள், எந்தச் சந்து தப்ப வழிவிட்டது என்பதெல்லாம் வீடுகளுக்குள் மட்டும் இருக்கிறது. கடல் பக்கமிருந்து உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த புது வீடுகளில் வளரும் பிள்ளைக்குப் பழைய தெருவின் வரிசைகூடத் தெரியாது.

வாய்க்கதையில் தேதி இருக்காது, மிகை இருக்கும் என்று ஒரு குற்றச்சாட்டு. கேட்கத் தெரிந்து கேட்டால் தேதி வரும். ஆச்சியிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். "1977 புயலுக்கு முந்தியா, பிந்தியா? மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிய காலமா, நின்ற பிறகா? நாகப்பட்டினத்தில் சிங்கப்பூர் போகும் ரஜூலா கப்பல் வந்துபோன நாளிலா?" என்று கேளுங்கள். நூல் பிடித்தாற்போல் காலம் வந்து நிற்கும். மிகையைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை மூன்று வீட்டில் தனித்தனியாகக் கேட்டு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகிற இடத்தில் நடந்தது இருக்கும். மாறுகிற இடத்தில் அந்தந்தக் குடும்பத்தின் மனசு இருக்கும், அதுவும் வரலாறுதான்.

கோட்டையைப் பராமரிக்கத் துறை இருக்கிறது, நிதி இருக்கிறது. இடிந்தால் செப்பனிடலாம். வாடைக்கும் கொண்டலுக்கும் கடல் எப்படி நிறம் மாறும் என்று அறிந்த பெரியவர் ஒருவர் போய்விட்டால் எந்தத் துறை அவரைச் செப்பனிடும்?

ஆகவே தீர்ப்பை எங்கள் பக்கம் கேட்கிறேன். அவையோருக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். இந்த வாரமே எடுத்து, பெயர் சொல்லக்கூடிய மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். அவர் பேசும்போது கைப்பேசியில் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.