சின்ட்வின் ஆற்றின் கூரை ஆமைகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆசியாவின் நன்னீர் ஆமைகளில் பெரும்பாலானவை இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்: மியான்மரின் கூரை ஆமை. உலகில் வேறெந்த நாட்டு ஆற்றிலும் இது கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஆமையின் தலை மஞ்சள் கலந்த பச்சையாகப் பளிச்சிடும்; பெண் ஆமை அதைவிடப் பெரியது.

ஒரு காலத்தில் மியான்மரின் பேராறான ஐராவதியின் முகத்துவாரம் வரை இவை நிறைந்திருந்தன. மணலைத் தோண்டி முட்டைகளை எடுத்தார்கள். வளர்ந்த ஆமைகள் மீன் வலைகளில் சிக்கி மாண்டன. பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாததால் இனமே அழிந்துவிட்டதென்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள்.

2000-களின் தொடக்கத்தில், மாண்டலே நகரின் பௌத்தக் கோயில் குளமொன்றில் இந்த ஆமைகள் சில உயிரோடு காணப்பட்டன. புண்ணியம் தேடி ஆமைகளைக் கோயில் குளத்தில் விடுவது அந்நாட்டு மக்களின் வழக்கம். எந்த அரசுத் திட்டமும் காக்காத உயிரைப் பெயர் தெரியாத யாரோ ஒருவரின் பக்தி காத்திருக்கிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பிறகு ஐராவதியின் துணையாறான சின்ட்வின் ஆற்றின் மேற்பகுதியில், லிம்பா கிராமத்தருகே, சில பெண் ஆமைகள் இன்னும் முட்டையிடுவது தெரியவந்தது. வறண்ட காலத்தில் நீர் வடிந்து மணல் திட்டுகள் தலைகாட்டும்போது அவை கரையேறுகின்றன. உள்ளூர் மக்களையே காவலுக்கு அமர்த்தினார்கள். முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான இடத்தில் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சில ஆண்டுகள் வளர்த்து, 2015 முதல் ஒரு பகுதியை ஆற்றில் விட்டார்கள். 2020 வாக்கில் வளர்ப்பிடங்களில் இருந்தவை ஏறத்தாழ ஆயிரம். ஆற்றில் முட்டையிட்ட பெண் ஆமைகளோ பத்துக்கும் குறைவு.

ஆயிரம் என்றதும் நிம்மதி கொள்கிறோம். ஆனால் அவை குளத்து ஆமைகள். அவற்றை விடுவதற்குத் தங்கம் தோண்டாத, மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்காத ஆறு வேண்டும். விட்ட குஞ்சு தாயாவதற்கும் நெடுங்காலம் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அந்த மணல் திட்டுக்குக் காவல் வேண்டும்.

2021-க்குப் பிறகு அந்த ஆறு பாயும் சாகாயிங் பகுதியில் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், ஆமைகளுக்கென ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு அந்தக் கரையோரக் கிராமத்தாரின் கூலிக்கே போக வேண்டும். புதிய தொட்டிகள் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

நன்றி.