காய்ச்சல் இல்லாத குளிர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருவது சூடு. முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்து, முந்தானையால் விசிறிக்கொள்ளும் பெண்ணை நம்மில் பலர் நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் அதே பருவத்தில், சித்திரை மாதத்து இரவில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பெண்ணைப் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். மகளிர் மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றிவரும் எனக்கு, யாரும் அதிகம் பேசாத இந்தக் குளிரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நீண்டநாள் விருப்பம்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கொள்கிறோம். அதற்கு முந்திய சில ஆண்டுகள், மாதவிடாய் முன்னும் பின்னுமாக வந்து, ஒரு மாதம் கொட்டித் தீர்த்து, மறுமாதம் எட்டிப்பாராமல் போகும் ஆண்டுகள். இவற்றைத்தான் பெரிமெனோபாஸ் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு 40 வயதிலேயே இது தொடங்கிவிடும். இன்று நான் பேசும் குளிர் பெரும்பாலும் இந்த ஆண்டுகளில் வருவது.

உடம்பு குளிர்கிறது என்று ஒருவர் சொன்னவுடன் வீட்டில் தேடப்படுவது தெர்மாமீட்டர். அது 98.6 காட்டினால் நிம்மதி. 97, 96 என்று காட்டினால் கலக்கம். இந்த 98.6 எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தேவையற்ற அச்சம் பலவும் இந்த ஓர் எண்ணிலிருந்தே பிறக்கின்றன. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கார்ல் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைத் திரும்பத் திரும்ப அளந்து 1868இல் வெளியிட்ட நூலில் 37 டிகிரி செல்சியஸ் என்று வகுத்தார். பாரன்ஹீட்டில் அதுதான் 98.6. பிறகு 1992இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 148 நலமான ஆண்களையும் பெண்களையும் அளந்தபோது சராசரி 98.2 ஆகத்தான் இருந்தது, சரியாக 98.6 என்று வந்த அளவீடுகள் நூற்றுக்கு எட்டு மட்டுமே. 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்வீரர்களின் பதிவேடுகள் தொடங்கி நம் காலத்து அளவீடுகள் வரை ஒப்பிட்டு, மனித உடலின் சராசரி வெப்பமே தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாகக் குறைந்து வந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஆகவே, காலையில் எழுந்ததும் 97.4 காட்டினால் அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. உடல் வெப்பம் விடியற்காலையில் மிகக் குறைவாகவும் மாலையில் மிகுதியாகவும் இருப்பதுதான் இயல்பு. கொரோனா காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த, நெற்றிக்கு நேரே பிடித்து அளக்கும் கருவி தோலின் வெப்பத்தைக் கொண்டே கணக்கிடுவது. வியர்த்த நெற்றியோடு விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அளந்தால் அது குறைத்துத்தான் காட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்குக் குளிர்கிறதா இல்லையா என்பதைப் பெருமளவு உணர்த்துவது தோல். 1998இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வில், பெண்களின் உள்ளுடல் வெப்பம் ஆண்களைவிடச் சற்று மிகுந்தே இருந்தது; ஆனால் அவர்களுடைய கைகள் ஆண்களின் கைகளைவிட ஏறத்தாழ மூன்று டிகிரி பாரன்ஹீட் குளிர்ந்திருந்தன. தெர்மாமீட்டர் சரியான எண்ணைக் காட்டும்போதே ஒரு பெண்ணுக்கு உண்மையாகக் குளிரலாம். தெர்மாமீட்டரில் ஒன்றுமில்லை என்பதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்பவர். வயது நாற்பத்தைந்தைக் கடந்தவர். நள்ளிரவுக்குப் பின் திடீரென்று விழித்துக்கொள்வாராம். உடம்பு வெடவெடவென்று நடுங்கும், பற்கள் கிட்டும். கணவர் எழுந்து இரண்டு போர்வைகளைப் போர்த்துவார். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். குளிர் காய்ச்சல் என்று நினைத்து மலேரியாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றுமில்லை. டைபாய்டுக்குப் பார்த்திருக்கிறார்கள், அதிலும் ஒன்றுமில்லை. ஊசியும் மாத்திரையும் மாறி மாறி நடந்திருக்கின்றன. இரவில் பயந்திருப்பார் என்று வேப்பிலை அடித்து, மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார்கள். காய்ச்சலே இல்லாமல் எப்படிக் குளிரும் என்று வீட்டிலேயே ஒருவர் கேட்டுவிட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கினார்.

குளிர் வருவதற்கு முன்பு உடம்பு சூடாகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். விழிக்கும்போது துணி ஈரமாக இருக்கிறதா என்று கேட்டேன். "அது வேர்வைங்கம்மா, பகலெல்லாம் அடுப்புகிட்டயே நிக்கிறேன்ல" என்றார். பகல் முழுவதும் பெரிய அடுப்புகளுக்கு நடுவே நின்று பழகிய அந்த உடம்புக்குச் சூடு ஒரு செய்தியாகவே படவில்லை. பக்கத்தில் படுத்துறங்கும் மகளிடம், ஓர் இரவு விழித்திருந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். மகள் கூர்மையான பெண்; பார்த்ததை அப்படியே வந்து சொன்னார். அம்மா தூக்கத்திலேயே போர்வையைத் தள்ளிவிடுகிறார், கழுத்திலும் நெஞ்சிலும் வியர்வை பூக்கிறது, சற்று நேரம் கழித்து நடுக்கம் எடுக்கிறது, அப்போதுதான் கண் விழிக்கிறார். சூடு தூக்கத்தில் வந்து போய்விடுகிறது. அவரை எழுப்புவது அதற்குப் பின் வரும் குளிர். எனவே அவர் அறிந்ததெல்லாம் குளிர் மட்டுமே.

இது ஏன் நடக்கிறது? மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடலின் வெப்பத்தை ஓர் எல்லைக்குள் வைத்திருக்கிறது. மேல் எல்லையைத் தாண்டினால் தோலுக்கு இரத்தத்தை அனுப்பி வியர்க்க வைக்கும். கீழ் எல்லையைத் தாண்டினால் தோலின் இரத்த நாளங்களைச் சுருக்கி நடுங்க வைக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் சுரப்பு ஏறி இறங்கத் தொடங்கும்போது இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மன் 1990களில் இதை அளந்து பார்த்தார். திடீர் உடற்சூடு இல்லாத பெண்களிடம் இரண்டு எல்லைகளுக்கும் இடையே 0.4 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இடைவெளி இருந்தது. உடற்சூட்டால் துன்பப்பட்ட பெண்களிடம் அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. அகன்ற வரப்பில் நடப்பவர் சற்றுத் தள்ளாடினாலும் வயலுக்குள் விழமாட்டார். வரப்பு ஒற்றைக் கால் அகலத்துக்குத் தேய்ந்துவிட்டால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சறுக்கத்தான் வேண்டும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். சூடு எழும்போது விரிந்த தோல் நாளங்களின் வழியாகவும் வியர்வையின் வழியாகவும் வெப்பம் வெளியேறுகிறது, உள்வெப்பம் இறங்குகிறது, இறங்கியதும் நடுக்கம் தொடங்குகிறது. சூடும் குளிரும் இரண்டு நோய்கள் அல்ல என்பதை மீண்டும் ஒருமுறை சொல்கிறேன். இரண்டும் ஒரே மாற்றத்தின் இரண்டு முனைகள்.

இதனோடு சேர்ந்த இன்னொரு மாற்றமும் உண்டு. கருமுட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், உடலின் காலை வெப்பத்தை அடுத்த மாதவிடாய் வரை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தி வைக்கும். பெரிமெனோபாஸ் ஆண்டுகளில் பல மாதங்கள் கருமுட்டை வெளியாகாமலே கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்களில் இந்த உயர்வும் இல்லை. ஒவ்வொரு மாதமும் பாதி நாட்கள் வழக்கமாக இருந்த அந்தச் சிறு கூடுதல் இல்லாமல் போவதால், காலை வெப்பம் முன்பைவிடக் குறைந்திருப்பதைச் சில பெண்கள் கவனிக்கிறார்கள்.

நான் எங்கே பேசினாலும் வலியுறுத்தும் ஒரு செய்தி உண்டு, இங்கும் சொல்கிறேன். இந்தப் பருவத்தின் தொல்லைகளை அறிய மருத்துவர்கள் கேள்விப் படிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் உருவாகி உலகெங்கும் பரவிய படிவத்தில் பதினொரு கேள்விகள். முதல் கேள்வியே உடற்சூடும் வியர்வையும்தான். குளிரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஜப்பானில் வழங்கும் பத்துக் கேள்விப் படிவத்திலோ, முகச் சூடு, வியர்வை ஆகியவற்றை அடுத்து, இடுப்பும் கைகால்களும் எளிதில் குளிர்ந்துபோகின்றனவா என்று தனியாகக் கேட்கிறார்கள். அங்கே அந்தக் குளிர் தாயும் பாட்டியும் வெளிப்படையாகப் பேசும் தொல்லை. எனவே படிவத்தில் இடம்பெற்றிருக்கலாம். நம் ஊரில் பெண் சொல்வதில்லை, மருத்துவர் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது. பதில் வராத தொல்லை இல்லாத தொல்லையாகக் கணக்கிடப்படுகிறது. நம் புறநோயாளிப் பிரிவுகளில் நாற்பதைக் கடந்த பெண்ணிடம் "குளிர்கிறதா அம்மா?" என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று என்னுடன் பணியாற்றும் இளம் மருத்துவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆனால் நேயர்களே, குளிர் எல்லாவற்றையும் வயதின் மீது சுமத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடவும் கூடாது. சத்துணவுக் கூடப் பெண்மணிக்கு இரவு நடுக்கம் மட்டுமல்லாமல், பகலில் அடுப்பை விட்டு நகர்ந்தாலே கைகால் சில்லிட்டுப்போகும் தொல்லையும் இருந்தது. மாதவிடாய் வந்தால் பத்து நாள் நிற்காமல் போகும் என்பதைக் கேட்ட பிறகே சொன்னார். ஹீமோகுளோபின் பார்த்தோம், எட்டு கிராமுக்குச் சற்று மேல் இருந்தது. பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடலால் குளிரை எதிர்த்து வேண்டிய அளவு வெப்பத்தை உண்டாக்க முடியாது. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை உருவாக்கவும் இரும்புச்சத்து வேண்டும். அவருக்கு ஸ்கேன் எடுத்து, இரத்தப்போக்கின் காரணத்தை அறிந்து அதைக் கட்டுப்படுத்தி, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம். சில மாதங்களில் பகல் குளிர் விலகியது. இரவு நடுக்கம் அதன்பின் மெல்லக் குறைந்தது.

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இதே குளிர், இதே சோர்வு, எடை கூடுதல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மலச்சிக்கல் எல்லாம் வரும். அதுவும் இதே வயதில் பெண்களை நாடி வரும் நோய். ஆகவே, குளிர் தொடர்ந்து தொல்லை தந்தால் ஹீமோகுளோபின், உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் ஆகிய மூன்றையும் இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். மீண்டும் சொல்கிறேன்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளாலும் கைகால் சில்லிடும். தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். செவ்வாய், வெள்ளி விரதம் என்றும், வேலை அவசரம் என்றும் காலை உணவைத் தவிர்ப்பவர்களின் உடம்பு வெப்பத்தை உண்டாக்க எரிபொருள் இல்லாமல் தவிக்கிறது. சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்; உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்வது இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

சிகிச்சையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் மாற்றுவதற்குக் காய்ந்த பருத்தி உடை ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியோடு படுத்திருப்பது குளிரை நீட்டிக்கும். ஒரே கனத்த போர்வைக்குப் பதில் மெல்லிய போர்வைகள் இரண்டு நல்லது. தசை உடம்பின் வெப்பத்தை உண்டாக்குவது. நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் எளிய பயிற்சிகளும் தேவை. உடற்சூடு கடுமையாக இருப்பவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், இரத்த உறைவு ஏற்பட்டவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் அது பொதுவாக ஏற்றதல்ல. ஹார்மோன் அல்லாத மருந்துகளும் உள்ளன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

வெப்பம் 95 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி, பேச்சுக் குழறினாலோ மயக்கம் வந்தாலோ, குளிரோடு உண்மையான காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ தாமதிக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் மீண்டும் இரத்தம் பட்டால், அது ஒரு துளியாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றி. வணக்கம்.