லாரியின் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு ஓட்டு இருக்கிறதா? சிங்கப்பூர், தாய்லாந்து, ஏற்காடு

[திரையில்: விடியற்காலை, ஏற்காடு அடிவாரம். ஒரு பிக்கப் வண்டி முதல் வளைவில் ஏறுகிறது.]

வணக்கம். காரின் பின்னிருக்கையில் உட்காருகிறவர் சீட் பெல்ட் போடவில்லை என்றால்கூட அபராதம் விதிக்கிற ஒரு நாட்டில், அதே சாலையில், அதே நேரத்தில், இருக்கையும் பெல்ட்டும் இல்லாத லாரியின் பின்புறத்தில் இருபது பேர் உட்கார்ந்து வேலைக்குப் போவது சட்டப்படி செல்லும் என்றால் உங்களால் நம்ப முடிகிறதா? அந்த நாடு சிங்கப்பூர். அந்த இருபது பேரில் ஒருவர் என் தாய்மாமா.

வாழப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டட வேலைக்குப் போன மாமா, ஒன்பது ஆண்டுகளாக அந்த ஊரின் சாலைகளைத் தினமும் பார்க்கிறார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர், பதினோரு ஆண்டுகளாகப் பாங்காக்கில் வசிக்கிறார். ஒரு நாட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, உழைத்து, அங்கே குடியுரிமை மட்டும் இல்லாத இவர்கள், அந்த நாட்டின் சாலையையும் அரசியலையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். கடைசியில் நம் சேர்வராயன் மலைக்கு வருவோம். சொல்லப்போனால், இந்த வீடியோவே அதற்காகத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நிரந்தரவாசிக்குக்கூட ஓட்டு இல்லை, தாய்லாந்திலும் வெளிநாட்டவருக்கு ஓட்டு இல்லை. நம் நாட்டில் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வைத்திருப்பவருக்கும், அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கும், ஓட்டு கிடையாது. நியூசிலாந்து 1975 முதல் நிரந்தரவாசிகளுக்கும், சுவீடன் 1976 முதல் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் வெளிநாட்டவருக்கும் ஓட்டுரிமை தந்திருக்கின்றன. பெரும்பாலான நாடுகளில் சாலை எல்லோருக்கும் பொது, ஓட்டு மட்டும் பொது இல்லை.

[திரையில்: தாய்லாந்து வரைபடம். பாங்காக்கிலிருந்து வடகிழக்கு நோக்கி ஒரு கோடு.]

முதலில் தாய்லாந்து. ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள் என்றால், அங்கே ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் என்னும் புத்தாண்டுப் பண்டிகை. நாம் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து கிளம்புவதுபோல, அங்கே பாங்காக்கில் வேலை செய்யும் மக்கள் வடகிழக்கு மாகாணங்களிலுள்ள சொந்த ஊர்களுக்குக் கிளம்புவார்கள். பேருந்துப் பயணச்சீட்டு கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு குடும்பமே போகிற அளவுக்குக் கையில் பணம் இருக்காது. ஆகவே வீட்டிலிருக்கும் ஒரே வாகனமான பிக்கப் வண்டியின் பின்புறத்தில் பாயை விரித்து, பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். அந்த ஒரு வாரத்திற்கு அரசாங்கமே வைத்திருக்கும் பெயர் 'ஏழு ஆபத்தான நாட்கள்'. 2016ஆம் ஆண்டு அந்த ஏழு நாட்களில் மட்டும் 442 பேர் சாலையில் இறந்தார்கள். ஆண்டு முழுவதையும் சேர்த்தால் இறப்பு சுமார் 20,000 என்றும், அதில் நான்கில் மூன்று பங்கு இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களில் போனவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

அடுத்து நடந்ததை நான் முதன்முதலில் அறிந்தபோது இரண்டு முறை சரிபார்த்தேன். 2014 மே மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, பிரதமராக இருந்தவர் பிரயுத் சான் ஓச்சா. யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு அப்போது இல்லை. எந்த உத்தரவையும் போடலாம் என்று இடைக்கால அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவு அவருக்கு அதிகாரம் தந்திருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு, 2017 மார்ச் மாதம், வாகனத்தில் எல்லோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதன் தொடர்ச்சியாக, பிக்கப்பின் பின்புறத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று ஏப்ரல் தொடக்கத்தில் காவல்துறை அறிவித்தது. பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மக்கள் கொதித்துவிட்டார்கள். ஏழைக்கு வேறு வண்டி எது, நாங்கள் எப்படி ஊருக்குப் போவது என்று நாடு முழுவதும் ஒரே குரல் எழுந்தது. கடைசியில் பண்டிகை முடியும்வரை தடையைத் தளர்த்துவதாக அந்த அரசு அறிவித்துப் பின்வாங்கியது. தேர்தல் இல்லாத ஓர் ஆட்சியை, பிக்கப்பின் பின்னால் உட்காரும் உரிமைக்காக மக்கள் பணிய வைத்தார்கள்.

அங்கே குடியேறி வாழும் வெளிநாட்டவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? என் நண்பரின் குடியிருப்பில் ஐரோப்பாவிலிருந்து ஓய்வுபெற்று வந்த முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். குழந்தைகளைத் திறந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதைக் கண்டு அவர்கள் பதறுவதாகவும், அரசு பின்வாங்கியதைப் பொறுப்பின்மை என்றே இன்றுவரை பேசுவதாகவும் நண்பர் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு நான்கு சுவருக்குள்தான். நீண்டகால விசாவில் இருப்பவர்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை குடிநுழைவுத் துறைக்குத் தங்கள் முகவரியைத் தெரிவித்தாக வேண்டும். அப்படி நாள் எண்ணி வாழ்கிறவர்கள் அரசியலை வீதிக்குக் கொண்டுவர மாட்டார்கள். நண்பரின் கருத்து வேறு. "அவங்க சொல்றது நியாயம்தான். ஆனா அவங்க கார்ல போறாங்க. பஸ்ஸுக்கு வழி பண்ணிட்டு அப்புறம் தடை போட்டிருந்தா எவனும் கேள்வி கேட்டிருக்க மாட்டான்" என்றார். தீபாவளிக் கூட்டத்தில் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இரவெல்லாம் நின்றவனுக்குத்தான் அந்தப் பார்வை வரும் என்று எனக்குத் தோன்றியது.

[திரையில்: சிங்கப்பூர் விரைவுச்சாலை, காலை ஆறரை மணி.]

இப்போது சிங்கப்பூர். இங்கே நிலைமை தலைகீழ். தாய்லாந்தில் பின்னால் உட்காருகிறவர் அந்த மண்ணின் குடிமகன், பதறுகிறவர் வெளிநாட்டவர். சிங்கப்பூரில் பின்னால் உட்காருகிறவரே வெளிநாட்டவர்.

ஒரு காலைப் பொழுதில் மாமா வீடியோ அழைப்பில் காட்டியது என் கண்ணை விட்டு அகலவில்லை. அவர் ஓட்டுநர் அறையின் தகரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் ஓர் இளைஞன் கருவிப் பெட்டியின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி பிரேக் போட்ட ஒவ்வொரு முறையும், தூக்கம் கலையாமலேயே அவனுடைய வலது கை பக்கவாட்டுக் கம்பியைத் தேடிப் பிடித்தது. கை அதற்குப் பழகிவிட்டது.

சரக்கு வாகனத்தின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பதுதான் அங்கேயும் பொது விதி. ஆனால் வேலைக்குக் கொண்டுபோகும் தொழிலாளர்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மழைக்கு மேற்கூரை, உயரமான பக்கக் கம்பி என்று சில கட்டாயங்கள் பின்னர் வந்தன. 2021 ஏப்ரல் 20 அன்று, தீவு விரைவுச்சாலையில் நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரி மீது தொழிலாளர்களை ஏற்றிவந்த லாரி மோதியதில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 2023 ஜூலையில் பல அமைப்புகள் சேர்ந்து லாரிப் பயணத்தை நிறுத்தக் காலக்கெடு கேட்டன. வணிக அமைப்புகள் உடனே மறுத்தன. சிறு நிறுவனங்களால் செலவைத் தாங்க முடியாது, வீடு கட்டும் திட்டங்களும் ரயில் பாதைகளும் தாமதமாகும், தொழிலாளர்களுக்கே வேலை போகும் என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசும் விளக்கம் அளித்தது.

செலவுக் கணக்கை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் இந்த விவாதத்தில் நிறுவனங்கள் பேசின, அமைச்சகங்கள் பேசின, நல்லெண்ணம் கொண்ட குடிமக்கள் பேசினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கே பேசினார்? பொதுக்கூட்டம் நடத்தவென்றே ஒதுக்கப்பட்ட, ஹோங் லிம் பூங்காவிலுள்ள பேச்சாளர் முனையில்கூட வெளிநாட்டவர் அனுமதியின்றிப் பேசவோ கூட்டத்தில் கலந்துகொள்ளவோ முடியாது. மாமாவிடம் கேட்டேன். "நாம ஏன்டா கண்ணு அதெல்லாம் பேசணும், பெர்மிட் முடியற வரைக்கும் ஒழுங்கா இருந்துட்டு வந்துடணும்" என்றார். அந்த நாட்டின் சட்டம் ஒழுங்கை அவர் மனதார மதிக்கிறார், நடைபாதையையும் சிக்னலையும் வாய் ஓயாமல் புகழ்கிறார். அப்படிப் புகழ்கிறவரை லாரியின் பின்னால் உட்கார வைத்திருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

[திரையில்: மீண்டும் ஏற்காடு.]

அவர்களைப் பேசிவிட்டோம். இப்போது நம் மலைக்கு வருவோம்.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், விடிவதற்கு முன்பே மலைக்கிராமங்களின் கைகாட்டி மரத்தடிகளில் பெண்கள் நிற்பார்கள். பிக்கப் வரும், மேஸ்திரி தலைகளை எண்ணுவார், எல்லோரும் நின்றபடியே போவார்கள். சென்ற மாதம் நான் அருகே நின்று பார்த்த ஓர் அம்மா, இடது கையில் தூக்குப்போசியின் பிடியையும், வலது கையில் வண்டியின் குறுக்குக் கயிற்றையும் பிடித்திருந்தார். வண்டி குலுங்கியபோது, போசியிலிருந்த குழம்பு சிந்திவிடக் கூடாதே என்று கயிற்றை விட்டுவிட்டு மூடியை அழுத்தினார். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2024 ஏப்ரல் 30 அன்று, அந்தப் பாதையில் இறங்கிவந்த ஒரு பேருந்தே பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்களைப் பறித்தது நமக்கு மறந்திருக்காது. இருக்கையும் கூரையும் உள்ள வண்டிக்கே அந்தக் கதி.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏறிச்சென்ற பயணி விபத்தில் இறந்தால், அவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குட்டி யானையில் ஏறுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் மாநிலம் செய்திருக்கும் ஒரு நல்ல காரியத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் வேறு மாநிலத்தவரா, வேறு நாட்டவரா என்று பார்ப்பதில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியா, நம்மூர்லயா?" என்று கேட்டார்.

பிக்கப்பில் போகும் அந்த அம்மாவுக்கு ஓட்டு இருக்கிறது. சிங்கப்பூரில் என் மாமாவுக்கு இல்லாதது அவரிடம் இருக்கிறது. தேர்தல்தோறும் தவறாமல் போடுவதாகச் சொன்னார். அப்படியென்றால் வண்டியைப் பிடித்து அபராதம் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "அபராதம் போட்டா மேஸ்திரி எங்க கூலியில புடிப்பாருங்க. ஆறு மணிக்கு ஒரு பஸ் விட்டாங்கன்னா நாங்க ஏன் இதுல ஏறப் போறோம்?" என்றார். பாங்காக்கிலிருந்து என் நண்பர் சொன்னதும் இதேதான்.

ஆகவே உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, செம்மநத்தம் எனச் சேர்வராயன் மலையில் எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் ஊரிலிருந்து காலையில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்த இடம் வரை, முதல் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்ற நான்கு விவரங்களை மட்டும் இந்த வீடியோவின் கீழே எழுதுங்கள். அவற்றை ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். அந்த அம்மாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஒரு நாள் கூலி போகும், பரவாயில்லை என்றார்.