குலசேகரப்பட்டினம் மணல்ல மூணு அம்பு

வணக்கம் மக்களே! குலசேகரப்பட்டினம் கடற்கரையில நிக்கிறேன். தசராவுக்கு வந்தவங்களுக்கு இந்த ஊரு நல்லாத் தெரியும். செயற்கைக்கோள் ஏவ இஸ்ரோவோட ரெண்டாவது தளம் இங்கதான் வருது, 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நாட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இது எதுக்குன்னு கேக்கறீங்கல்ல? பள்ளிக்கூடத்துல படிச்ச வெக்டர் கூட்டலே பதில் சொல்லிடும்.

கேமராவைக் கீழ திருப்பறேன். பனைமட்டையால அம்பு வரையறேன், பாருங்க. அம்போட நீளம்தான் வேகம், நுனி காட்டுறது திசை. இப்படி அம்புகளைச் சேர்க்கிறதுதான் வெக்டர் கூட்டல்.

முதல்ல இந்த மணல். பூமி சுத்துறதால இதுவே கிழக்கு நோக்கி விநாடிக்குச் சுமார் 460 மீட்டர் ஓடிட்டிருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடியே ராக்கெட்கிட்ட அந்தத் திசைவேகம் இருக்கு. பூமியைச் சுத்த விநாடிக்கு 7.5 கிலோமீட்டர் வேணும்னு வச்சுக்குவோம். காத்துத் தடை, புவியீர்ப்பு எல்லாம் இப்போதைக்கு வேணாம். கிழக்கே ஏவினா ரெண்டு அம்பும் ஒரே திசை, ராக்கெட் 7.04 கொடுத்தாப் போதும். ஆனா துருவங்களுக்கு மேல சுத்துற செயற்கைக்கோளுக்கு நேர் தெற்கே போகணும், அப்ப இந்த 460 குறுக்க நிக்குது. அதை அடிக்க ராக்கெட் கொஞ்சம் மேற்கே சாய்ஞ்சு தள்ளணும். பித்தாகரஸ் போடுங்க, 7.514 வரும். 7.5-க்கு மேல வெறும் 14 மீட்டர்! 460 மீட்டரை அழிக்க 460 மீட்டர் கூடுதலாச் செலவாகும்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன். செங்கோணத்துல கூட்டுறப்ப அப்படி வராது.

சரி, அப்ப செலவு எங்க? திருப்பத்துல. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நேர் தெற்கே போனா இலங்கை வந்துடும். ஜனங்க இருக்கிற நிலத்துக்கு மேல பறக்கக் கூடாது. அதனால இஸ்ரோவோட பிஎஸ்எல்வி ராக்கெட் முதல்ல தென்கிழக்கே போய், அப்புறம் தெற்கே திரும்புது.

இப்ப இந்த அம்பு திரும்புறதுக்கு முன்னாடி இருக்கிற வேகம், விநாடிக்கு 2 கிலோமீட்டர். திரும்பின பிறகு, அதே இடத்துல இருந்து அதே நீளத்துல இன்னொண்ணு, 60 டிகிரி தள்ளி. ரெண்டு நுனியையும் சேர்க்கறேன். சமபக்க முக்கோணம்! அந்த மூணாவது பக்கம்தான் திரும்ப ராக்கெட் கொடுக்கவேண்டிய அம்பு, அதுவும் 2 கிலோமீட்டர். வேகம் துளிகூட ஏறல, ஆனா திரும்புறதுக்கு மட்டுமே 2 கிலோமீட்டருக்கான எரிபொருள் காலி. 30 டிகிரின்னாக்கூட 1 கிலோமீட்டருக்கு மேல போயிடும். நிஜத்துல கோணமும் வேகமும் ராக்கெட்டுக்கு ராக்கெட் மாறும், திருப்பமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்கும். ஆனா ஒண்ணு, வேகம் ஏற ஏற திருப்பறது அதிகச் செலவு.

பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கும். எஸ்எஸ்எல்வி மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு, திருப்பத்துல போற எரிபொருளுக்காகச் செயற்கைக்கோளோட எடையைக் குறைச்சாகணும். அது ரொம்ப வலிக்கிற கணக்கு.

இங்க இருந்து பாருங்க, இதோ என் வலது கைப் பக்கம் தெற்கு. இலங்கை கிழக்கே ஒதுங்கிடுச்சு. தெற்கே நேரா கடல்தான், மூணாவது அம்பே வரைய வேண்டாம்.

கிழக்கே போற ஜிஎஸ்எல்விக்கு ஸ்ரீஹரிகோட்டாவே நல்ல இடம், முன்னாடி வங்கக் கடல் விரிஞ்சு கிடக்கு. நீங்க 45 டிகிரிக்கு இதே முக்கோணத்தை வரைஞ்சு, மூணாவது பக்கம் எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க. நான் ஒவ்வொண்ணாப் பாக்கறேன்.